முதல் நெருப்பும் என் தற்காலிக வேலையும்

விளக்கிச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு நாம் சொல்வது ஏற்கனவே தெரியும், மீதிப் பேருக்கு அது வேண்டவே வேண்டாம். ஆசிரியர்கள், காப்புறுதி முகவர்கள், மருந்துக் கடையில் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொல்கிறவர்கள், இவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

நான் வேலை பார்த்தது கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், மேட்டில் மூச்சு வாங்க ஏறினால் வரும் ஒரு பழைய பங்களாவில். மனிதனுடைய அடிப்படைக் கண்டுபிடிப்புகள் எல்லாம் எவ்வளவு சின்னதாக ஆரம்பித்தன என்று காட்டுவதற்கு ஓர் அறக்கட்டளை அதைக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தது. சக்கரத்துக்கு ஓர் அறை, பானைக்கு ஓர் அறை, எண்ணுக்கு, சுமப்பதற்கு, நெருப்புக்கு என்று ஆளுக்கோர் அறை. சிங்களத்தில் விளக்க நிமால் இருந்தார், தமிழில் விளக்க நான். நிமால் நிரந்தரம். நான் தற்காலிகம்.

அந்த ஒரு சொல்லில் என் அம்மாவின் வீடு தொங்கிக்கொண்டிருந்தது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில், அம்மா தனியாக இருந்தார். முழங்கால் போய்விட்டது. ஆனாலும் கொழுந்து எடுக்கப் போனார், ஏனென்றால் வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் அந்த லயத்து அறையில் இருக்க விடுவார்கள். நான் கண்டி டவுனில், மஹய்யாவயில் வேறு பெண்களோடு ஒரே அறையில் படுத்துக் காலம் தள்ளினேன். அங்கே அம்மாவைக் கொண்டுவந்து வைக்க இடமில்லை. பங்களாவின் பின்பக்கம் நிரந்தர ஊழியருக்கென்று இரண்டு அறை வைத்த ஒரு குவாட்டர்ஸ் பூட்டிக் கிடந்தது. கொழும்பிலிருந்து அறக்கட்டளைச் சபையினர் வந்து பார்த்துவிட்டு என்னை நிரந்தரமாக்குவார்கள், அது நடந்தால் சாவி எனக்கு என்று பொறுப்பாளர் ஐயா சொல்லியிருந்தார். தினமும் மதியம் அந்த வீட்டின் படியில் உட்கார்ந்துதான் சோறு சாப்பிடுவேன்.

உருண்டது

ஒரு மழை நாள். வெள்ளைக்காரர் இரண்டு பேரை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் ஒருவர், அவர்கள் நிமாலோடு உள்ளே போனதும் நனையாமல் நிற்கலாம் என்று சக்கர அறைக்குள் வந்தார். தமிழ் ஆள். எனக்கோ அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு தமிழ்க் காதும் கிடைக்கவில்லை. விடுவேனா, பிடித்துக்கொண்டேன்.

சக்கரம் என்பது யாரோ ஒரு மேதைக்கு ஒரே நாளில் தோன்றியதல்ல என்று ஆரம்பித்தேன். பாரமான கல்லை நகர்த்த அடியில் மரக்கட்டைகளைப் போட்டு உருட்டியிருப்பார்கள், பின்னாலே விட்ட கட்டையைத் தூக்கிவந்து முன்னாலே போட்டுப் போட்டுச் சலித்துப்போன யாரோ ஒருவர்தான் கட்டை கூடவே வந்தால் என்ன என்று யோசித்திருப்பார் என்றேன். வண்டிக்கு முன்னால் குயவருக்குத்தான் சக்கரம் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு என்று அதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் மரியாதையாக முழுவதையும் கேட்டார். மழை விட்டதும் வாசலில் நின்று, தன் ஓட்டோவின் முன் டயர் பாதி முங்கிக் கிடந்த எங்கள் மேட்டுப் பாதையைப் பார்த்தார்.

"சக்கரத்தைக் கண்டுபிடிச்சவன் கெட்டிக்காரன்தான் தங்கச்சி. இந்த ரோட்டைப் போட்டவனுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரலபோல."

சுட்ட மண்

அக்குறணையிலிருந்து ஒரு வியாபாரி குடும்பத்தோடு வந்திருந்தார். பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். வாளி, பேசின், சோற்றுப் பெட்டி என்று கண்டி முழுக்கக் கொடுப்பவர். பானை அறையில் நான் எப்போதும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன். அடுப்போரத்தில் ஈர மண் கெட்டியாகிக் கிடந்ததை யாரோ ஒரு பெண் பார்த்திருக்கிறாள், அதைத் தூக்கித் தட்டியிருக்கிறாள், அந்தச் சத்தத்தில்தான் உலகத்தின் முதல் பானை பிறந்தது என்று சொல்லுவேன். யாரும் இதற்குச் சாட்சியில்லை என்றாலும் எனக்கு அப்படி நம்பத்தான் பிடித்திருந்தது.

அவருடைய மனைவி உச்சுக்கொட்டினார். பாவம், உடைஞ்சா மறுபடியும் முதலிலிருந்து செய்யணுமே என்றார். வியாபாரி மட்டும் கண்ணாடிக்குள் இருந்த உடைந்த ஓட்டுத் துண்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சு ஒருவருடைய மனதைத் தொட்டுவிட்டது என்று நான் நெகிழ்ந்துபோன நேரத்தில் திரும்பினார்.

"ஒடையிற சாமானைக் கண்டுபிடிச்சான் பாருங்க, அவன்தான், மகள், மொத வியாபாரி. ஒடையாததை வித்தா ஒரு ஆளுக்கு ஒரு தரம்தானே விக்கலாம். அதனாலதான் இப்ப நாங்க பிளாஸ்டிக்கையும் மெல்லிசாவே எடுக்கிறது."

கூழாங்கல்

எண் அறை கொஞ்சம் இருட்டு. அதனால் கண்டி வாவியோரத்தில் ஒளிந்து உட்கார ஒரு குடை போதாத காதலர்கள் எங்கள் மேட்டையும் ஏறிவருவார்கள். ஒரு ஜோடி மூலையில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தது. என் கடமையை நான் செய்யவேண்டுமே. ஆடு மேய்க்கப் போனவன் ஓர் ஆட்டுக்கு ஒரு கல் என்று பைக்குள் போட்டான், திரும்பி வரும்போது ஓர் ஆட்டுக்கு ஒரு கல்லை வெளியே எடுத்தான், எண்ணுக்குப் பெயர் வருவதற்கு முன்னாலேயே எண்ணிக்கை வந்துவிட்டது என்று சொல்லிக் கூழாங்கற்களை அவர்கள் முன்னால் பரப்பினேன். பெண் நிலத்தைப் பார்த்தாள். பையன்தான் எழுந்து, மிகவும் பணிவாகச் சொன்னான்.

"நீங்க போங்க அக்கா, நாங்களே எண்ணிக்கிறோம்."

யார் கண்டுபிடித்தது

பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் எனக்குத் தெம்பு வரும். அன்றைக்கு வந்தவர்களைக் கூட்டிவந்தவர் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியை. நல்ல மனுஷி, வரும்போதே எனக்கும் சேர்த்து ஒரு பனிஸ் வாங்கிவந்தார். நான் வாய் திறக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கொப்பியைத் திறந்தார்கள். நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

எனக்குப் பிடித்த கேள்வி அது. ஒருவருக்கும் தெரியாது கண்ணு என்றேன். மின்னல் அடித்து எரிந்த மரத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவர்களில் ஒருவர் மட்டும் திரும்பி வந்திருக்கலாம், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, அவருக்குப் பெயர் இருந்ததா என்றே தெரியாது, நமக்குச் சோறு பொங்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லோரும் அப்படிப் பெயர் இல்லாதவர்கள்தான் என்றேன். பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணின் கண் விரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் காத்திருந்த முகம் அது. ஆசிரியை என் கையை மெல்லப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஒருத்தருக்கும் தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க மிஸ், அதுக்குப் புள்ளி கிடைக்காது."

சுமை

அம்மா என் வேலையிடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு கலஹா பஸ்ஸில் ஏறி, பேராதனையில் மாறி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து மேடு ஏறி வந்துவிட்டார். முதலில் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பூட்டிய குவாட்டர்ஸைத்தான் காட்டினேன். ஜன்னலில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தார். அடுப்பு எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யோசித்தார். தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருப்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

பிறகு அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்தேன். சுமப்பதற்கான அறையை நான் மறந்தேபோனேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கூடையும் கயிறும் இருக்கும். கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டி முதுகில் பாரத்தைத் தொங்கவிட்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், மனிதனின் மிகப் பழைய யோசனைகளில் இதுவும் ஒன்று என்று பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அதை நான் எத்தனையோ பேருக்கு ஒப்பித்திருக்கிறேன். ஆனால் அங்கே வருவதற்கு முதல் நாள்வரை அம்மா மாட்டியது அதே கயிறு, அதே மாதிரிக் கூடை. தலைமுடி வகிட்டுக்குக் குறுக்கே கயிறு தேய்த்த தடம் அம்மாவுக்கு இருக்கிறது, எண்ணெய் வைத்தாலும் மறையாது.

அம்மா கோபப்படவில்லை. கண்ணாடியில் விரலை வைத்துக் கயிற்றின் முடிச்சைப் பார்த்தார். நான்தான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன், இது ரொம்ப உயர்ந்த கண்டுபிடிப்பு அம்மா என்றேன். அவர் தலையாட்டினார்.

"கூடையைக் கண்ணாடிக்குள்ள பத்திரமா வச்சிருக்காங்க, சரி புள்ள. அதை இன்னும் தூக்கிக்கிட்டு நிக்கிறவளை எங்க வைப்பாங்க?"

நெருப்பு

இனி நெருப்புக்கு வருவோம். வாசல் பலகையில் நெருப்பு உருவாவதை நேரில் காணலாம் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் கொழும்பில் இருந்தார், கண்டியின் மழை அவருக்குத் தெரியாது. ஒரு மெல்லிய மரப் பலகை, அதன் குழியில் ஒரு குச்சி, குச்சியைச் சுற்றிய கயிறு கட்டிய ஒரு வில். வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் குச்சி சுழன்று, சூடேறி, பொறி வரவேண்டும். எனக்குத் தோள் வலி வந்தது, கையில் கொப்புளம் வந்தது, புகை வந்தது. நெருப்பு வரவில்லை. இதற்கு மேல் நீங்கள் மனதில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அடுத்த அறைக்குக் கூட்டிப்போவேன். நிமாலுக்கும் புகைதான் வந்தது. ஆனால் அவர் நிரந்தரம், அவருக்குப் புகை போதும்.

சபையினர் வருகிற நாள் முடிவானது. பொறுப்பாளர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர். வாற ஆக்கள் நெருப்பைத்தான் கேட்பினம், அண்டைக்கு மட்டும் வந்துதெண்டால் உம்மட விஷயத்தை நானே எடுத்துச் சொல்லுவன் என்றார். பலகையையும் குச்சியையும் மஹய்யாவயில் என் அறைக்குக் கொண்டுபோய், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் சூடு வருமே, அங்கே செருகிக் காயவைத்தேன். கூட இருந்த பெண்கள் விறகுக்கு ஃபிரிட்ஜா என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்றைக்குக் காலை மழையில் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, கைக்குழந்தையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

எங்கள் காவலாளி கருணாதாச வயதான சிங்கள மனிதர், தமிழ் அரைகுறையாகப் பேசுவார். நெருப்புச் செய்முறை நடக்கும்போது யாராவது தண்ணீரோடு நிற்கவேண்டும் என்பது காப்புறுதிக்காரர்களின் நிபந்தனை. வழக்கமாக அவர் சும்மா நிற்பார், வாளியும் வெறுமையாக இருக்கும். அன்றைக்குச் சபை வருகிறதே என்று நான்தான் வாளியை நிரப்பச் சொன்னேன். நெருப்பைக் கண்டதும் யோசிக்காமல் ஊற்றவேண்டும் என்று கையால் ஊற்றியும் காட்டினேன்.

கொழும்புக்காரர்கள் அரைவட்டமாக நின்றார்கள். வில்லை இழுத்தேன். புகை வந்தது. நிறுத்தாமல் இழுத்தேன். குழியில் கறுப்புப் பொடி சேர்ந்தது, பொடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதைத் தேங்காய்த் தும்புக்குள் கொட்டி ஊதினேன். தும்பு ஒரு தரம் இருமியதுபோலப் புகைந்து, பிடித்துக்கொண்டது. நெருப்பு. என் கையால் வந்த நெருப்பு. தீக்குச்சி இல்லை, லைட்டர் இல்லை. பெயர் தெரியாத அந்த முதல் ஆள் பக்கத்தில் குந்தியிருப்பதுபோல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மாவின் அடுப்பு அந்த இரண்டு அறையில் எரிவதைக்கூடப் பார்த்துவிட்டேன். சபையினர் கைத்தொலைபேசியை எடுப்பதற்குள் ஒரு வாளித் தண்ணீர் முழுவதும் தும்பிலும் பலகையிலும் என் மடியிலும் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கருணாதாச மட்டும் சிரிக்கவில்லை, சொன்ன வேலையைச் சரியாகச் செய்த ஆளின் முகத்தோடு நின்றார்.

"மிஸ்தானே சொன்னது, நெருப்பு பார்த்தா யோசிக்காம ஊத்துங்க சொல்லி."

குரல்

நனைந்த சேலையோடு மீதி அறைகளையும் விளக்கினேன். அழுகையை அடக்கிப் பேசியதாலோ என்னவோ, குரல் அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாக இருந்திருக்கவேண்டும். சபையில் வந்த ஓர் அம்மா, தமிழ் தெரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்போல இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னதாகப் பொறுப்பாளர் ஐயா மலர்ந்த முகத்தோடு வந்து சொன்னார். எல்லா அறைகளுக்குமான விளக்கத்தையும் என் குரலில் பதிந்து தரச் சொன்னார்களாம். தண்ணீர் ஊற்றியும் அணையாத ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன்.

சாமான் அறையில் கதவை மூடி, மழைச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலுக்குப் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்துப் பதிந்தோம். சக்கரத்தைச் சொன்னேன், பானையைச் சொன்னேன், ஒருவருக்கும் தெரியாது என்பதையும் விடாமல் சொன்னேன். தடுமாறிய இடங்களை நானே கேட்டுத் திரும்பப் பதிந்தேன். அம்மாவுக்கு போன் எடுத்து, சாமான்களைக் கட்ட ஆரம்பிக்கலாம் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

பிறகு கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாகக் காதில் மாட்டும் கருவிகள் வந்தன. வருகிறவர் ஒன்றை மாட்டிக்கொண்டு அறைக்குள் நுழைந்தால் அந்தந்த அறைக்கான விளக்கம் தானாகவே கேட்கும். அதைக் கொடுத்து வாங்க ஓர் ஆள் போதும், அதற்கு நிரந்தர ஆள் நிமால் இருக்கிறார். பொறுப்பாளர் ஐயா என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். எனக்காக வாதாடினாராம். நம்புகிறேன், அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆறுதலாக என்ன சொல்வது என்று வெகுநேரம் தேடி, கடைசியில் கண்டுபிடித்தார்.

"கவலைப்படாதையும் பிள்ளை. நீர் போனாலும் உம்மட குரல் இஞ்சதான் இருக்கும்."

மலையில்

கண்டியில் துணிக்கடையில் நிற்கும் வேலை எனக்குக் கிடைத்திருக்கும். ஆனால் முழங்காலால் அம்மாவின் வேலை அந்த மாதத்தோடு நின்றுபோனது. பேர் பதிய வீட்டில் வேறு ஆள் இல்லை. அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருக்க முடியுமா? தோட்டத்தில் என் பேரைப் பதிந்தேன். இதற்காகவா படிக்கவைத்தேன் என்று அம்மா கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை. அறை மட்டும் நிலைத்தது.

எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் செல்வி கோயில் சங்கத்தோடு கண்டிக்குச் சுற்றுலா போய்வந்தாள். நான் முன்பு கண்டியில் ஏதோ வேலை செய்தேன் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, கடைசியாக அம்பிட்டியவில் மேட்டு மேல் ஒரு பங்களா. தேத்தண்ணி நேரத்தில் வாயில் ரொட்டியோடு அவள் சொல்லச் சொல்ல, நான் தண்ணீர்ப் பீலிப் பக்கம் திரும்பிக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். காதில் ஒன்றை மாட்டிவிட்டார்களாம், அவ்வளவு அழகாகத் தமிழில் சொன்னார்களாம், பெயர் இல்லாத ஆட்கள்தான் நமக்கு எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டபோது இவளுக்கு அழுகையே வந்துவிட்டதாம். அப்படி அழுத ஓர் ஆளை, நான் அங்கே நின்ற காலத்தில் ஒரு நாளும் காணவில்லை. ரொட்டியை விழுங்கிவிட்டு என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள அப்படியே ஒன்னைய மாதிரிதான் பேசுது யோகேஸ். ஆனா அவ படிச்சவ."

எல்லாம் எளிமையாகத்தான் ஆரம்பித்தது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே ஆரம்பத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.